இருபத்திரண்டாவது கடிதத்தின் கார்பன் நகல்

1.

இந்தக் கதை ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், எனக்குச் சொந்தமில்லாத ஒரு மசால் தோசைக்கு முன்னால் தொடங்கியது. தோசை ரவிசங்கருடையது. அவர் சாப்பிடவில்லை என்பதால் நான் சாப்பிட்டேன். கதையும் அவருடையதுதான். அவர் எழுதமாட்டார் என்பதால் நான் எழுதுகிறேன். என் இலக்கிய வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான் சதாசிவம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைப் பதினோரு வருடமாகத் தொகுத்து வருகிறேன். போன வருட மலர் பக்குரங்காவில் எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தின் ஒரு காலுக்குக் கீழே இருக்கிறது. அங்கே வைத்தவர் என் மனைவி இராசமலர். “இப்ப ஆடேல்லை, நல்ல கனமான இலக்கியம்” என்றார்.

“பேரெல்லாம் மாத்திடுங்க சார்” என்றார் ரவிசங்கர். மாற்றிவிட்டேன். ரவிசங்கர் என்ற பெயரையும் அவரேதான் தேர்ந்தெடுத்தார். அமெரிக்காவின் மலைநாட்டுப் பாடகி ஒருவர் இந்தக் கதையில் வருகிறார். அவருக்கு நான் வைத்த பெயர் ஓப்பல் ஹென்ஸ்லி. இணையத்தில் தேட வேண்டாம். கிடைத்தால் அது வேறு யாரோ, பாவம்.

2.

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

“ஓப்பல் ஹென்ஸ்லி காலமாகிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய கடிதங்களைப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகத்திலிருந்து ஆக்லாந்துக்கு ஒரு மின்னஞ்சல்…” (செய்தி வாசிப்பது போல இருக்கிறது. அடுத்து வானிலை சொல்ல வேண்டும்.)

“குப்பை லாரியின் இரும்புக் கை தொட்டியைத் தூக்கியபோது ரவிசங்கரின் வாழ்க்கையே…” (இராசமலர்: “குப்பையில தொடங்கினா ஆர் வாசிப்பினம்?”)

“மனிதன் ஏன் கிழிக்கிறான்?” (இதை எழுதிவிட்டு நானே எழுந்து போய்த் தேநீர் குடித்தேன்.)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடங்களுக்கு முன் தன் மனைவி கண்மணிக்கு வந்த ஒரு கடிதத்தை ரவிசங்கர் கிழித்துப் போட்டார். கண்மணிக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. இப்போது அது திரும்பி வந்திருக்கிறது. அதை அவர் கொடுப்பாரா என்பதுதான் கதை. வேறு திருப்பம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். என்னிடம் சரக்கு இல்லை.

3.

கண்மணி குளித்தலைக்காரர். ஆக்லாந்துக்கு வந்த புதிதில், ஊரில் படித்த நர்ஸ் படிப்பு இங்கே செல்லாமல், த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரர் தினமும் குளிப்பாட்டும் நேரத்தில் ஒரு கேசட்டைப் போடச் சொல்வார். பாஞ்சோ என்று ஒரு கம்பி வாத்தியம், அதற்கு மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போன்ற ஒரு பெண் குரல். அவர் இறந்த பிறகு அவருடைய மகள் அந்தக் கேசட்டைக் கண்மணியிடம் கொடுத்துவிட்டார்.

கண்மணிக்கு ஒரு பாட்டில் ஒரு வரி விளங்கவில்லை. நீங்களும் நானும் என்ன செய்வோம்? விளங்கினது போலத் தலையாட்டுவோம். கண்மணி கேசட் அட்டையில் இருந்த முகவரிக்கு எழுதிக் கேட்டார்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. கையெழுத்தில், ஒரே பக்கம். “எனக்கும் அந்த வரி விளங்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் பாடினார். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. நான் அதையே என் கருத்தாக மேடையில் சொல்லிக்கொள்கிறேன்.”

(இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நாலு இசைத்தட்டில் பாட்டு வெளிவந்தவர், ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர், முன்பின் தெரியாத ஒரு நர்ஸுக்கு ‘எனக்கும் தெரியாது’ என்று தன் கையால் எழுதுகிறார். என் மலருக்குக் கட்டுரை அனுப்பிய ஒரு ஆசிரியருக்கு நான் மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. ஐயா, வருந்துகிறேன்.)

இப்படித்தான் ஆரம்பித்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கண்மணி இருபத்திரண்டு கடிதம் எழுதினார். ஓப்பலின் கடிதங்களில் சிலவற்றை ஒருமுறை சங்கத்து மகளிர் நாள் விழாவில் கண்மணி தமிழில் சொல்லி வாசித்தார். ஒலிவாங்கி பிடிக்கும் பொறுப்பு எனக்கு. வாசிப்பு முடிந்தும் நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே நின்றதாக இராசமலர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அந்தக் கடிதங்களில் தத்துவம் ஒன்றும் இல்லை. அதுதான் அவற்றின் அழகு. “உன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ளவரைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்குகிறாய்? விவரமாக எழுது. எனக்குப் பாஞ்சோவைத் தூக்கினாலே முதுகு பிடிக்கிறது.” இன்னொன்றில்: “நேற்றுத் தொண்டை சரியில்லை. எல்லாவற்றையும் தாழ்த்திப் பாடினேன். வேண்டுமென்றே பாடியதாகச் சொன்னேன். பத்திரிகைக்காரர் பாராட்டி எழுதியிருக்கிறார்.” எல்லாக் கடிதத்திலும் ஒரு கேள்வி இருக்கும்; கண்மணி போன கடிதத்தில் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கேட்கக்கூடிய கேள்வி. படிக்காமல் பதில் எழுதுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இது எவ்வளவு அபூர்வம் என்பதும் தெரியும்.

ஓப்பலிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கடிதம் எழுதினாலும் கீழே கார்பன் தாள் வைத்து, பந்துமுனைப் பேனாவை அழுத்தி எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொள்வார். இளம் வயதில் யாரோ ஒரு தயாரிப்பாளர் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று கைவிரித்ததிலிருந்து வந்த பழக்கமாம். கடிதத்தின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலுக்குத் தெரியும் என்று கண்மணி மேடையில் சொன்னார்.

4.

இனிக் கிழித்த கதை. இதை ரவிசங்கரின் பக்கத்திலிருந்துதான் சொல்ல முடியும்; அங்கே வேறு யாரும் இல்லை.

கண்மணிக்கு ஒரே தம்பி, பழனிவேல். 2009இல் குளித்தலையில் திடீரென்று இறந்துபோனார். கண்மணி அப்போதுதான் நியூசிலாந்துப் பாஸ்போர்ட் வாங்கியிருந்தார். இந்தியாவுக்குப் போக விசா வேண்டும். அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில் அழுதார், பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓப்பலுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதிப் போட்டார். அது இருபத்திரண்டாவது கடிதம்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. கண்மணி வேலைக்குப் போயிருந்தார். ரவிசங்கருக்கு லீவு. தெருவோரத்துத் தபால் பெட்டியைத் திறந்தார். நாலைந்து உறைகள். அந்த வீட்டில் வருகிற எல்லாத் தபாலையும் பிரிப்பவர் அவர்தான். ஓப்பலின் கையெழுத்து உள்ளதை மட்டும் தொடமாட்டார். அன்றைக்கு ஓப்பலின் கையெழுத்து எதிலும் இல்லை. ஓர் உறையில் முகவரி தட்டச்சில் இருந்தது. நின்றபடியே பிரித்தார். உள்ளேயும் தட்டச்சு. முதல் வரியில் தம்பியின் பெயரும், இறப்பு என்ற சொல்லும்.

ரவிசங்கர் வளர்ந்த வீட்டில் சாவுச் செய்தி தாங்கிய கடிதம் வாசலைத் தாண்டி உள்ளே வராது. அவருடைய அப்பா தெருவில் நின்று படிப்பார், அங்கேயே கிழிப்பார், கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். கருமாதிப் பத்திரிகை என்றாலும் அதே கதிதான். அதை வீட்டில் வைத்தால் இன்னொன்று வரும் என்று பயம். ரவிசங்கர் கணினித் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இதையெல்லாம் நம்புகிறீரா என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் கிழித்தது அவர் மூளை அல்ல.

“கைதான் சார் கிழிச்சுது. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

நாலாகக் கிழித்து, லாரிக்காகத் தெருவோரத்தில் வைத்திருந்த சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியில் போடும்போது, மேலே கிடந்த துண்டில் பேனாவால் போட்ட கையெழுத்தைப் பார்த்தார். ஓப்பல். மணிக்கட்டு முடியாமல் போய், யாரையோ வைத்துத் தட்டச்சு செய்திருக்கிறார் என்பது இந்த வருடம் காப்பகத்தின் மின்னஞ்சலில்தான் தெரிந்தது. அந்த நிமிடம் குப்பை லாரி வந்து நின்று, இரும்புக் கையால் தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தது.

“லாரி வந்தா என்ன? நில்லுங்கோ எண்டு கையைக் காட்டியிருக்கலாமே, ஐசே?” என்று கேட்டேன்.

“காட்டினேன் சார். டிரைவர் எனக்குக் குட்மார்னிங் சொல்றதா நெனச்சு அவனும் கையைக் காட்டிட்டுப் போயிட்டான்.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

“எங்கடை ஆக்கள் எண்டால் முப்பத்தோராம் நாளுக்குப் படம் போட்டுக் கல்வெட்டு எண்டு ஒரு புத்தகமே அடிச்சு, ஷோகேசில வைப்பம். நீங்கள் வந்த ஆறுதலையும் கிழிச்சு எறியிறியள்” என்றேன்.

“சார், நீங்க தோசையச் சாப்பிடுங்க.”

5.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் காத்திருந்தார். கண்மணி வேலையிலிருந்து வந்தவுடன் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“ஏங்க, அமெரிக்காவுலேர்ந்து ஒண்ணும் வரலியா?”

“போஸ்ட் லேட்டாகும்ல.”

இரண்டே சொல். மூன்று வாரம் கழித்து, பருப்பைத் தாளித்துக்கொண்டே கண்மணி சொன்னார்: “அவங்ககூட ஒரு வார்த்தை எழுதல பாருங்க.” அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் ஓப்பலுக்கு எழுதவில்லை. ஓப்பலும் எழுதவில்லை, எழுத வேண்டிய முறை கண்மணியுடையது அல்லவா. மூன்று வருடத்தில் ஓப்பல் இறந்துபோனார். கண்மணி அந்தக் கேசட்டை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். எங்கே என்று ரவிசங்கர் கேட்கவில்லை.

(ஒரு கதாபாத்திரமாக ரவிசங்கர் மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது. கிழித்தது கை. சரி. வாய் யாருடையது? இதை நான் அவரிடம் கேட்டேன். “அதான் சார் எனக்கும் பதினாறு வருஷமாத் தெரியல” என்றார். இந்தப் பதிலோடு அவரைக் கதையில் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். ஓப்பல் போலவே ‘எனக்கும் தெரியாது’ என்று சொல்லக்கூடியவர்.)

6.

இந்த வருடம் மார்ச் மாதம் அந்தக் காப்பகத்திலிருந்து மின்னஞ்சல். ஓப்பலின் கடிதங்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றப்போகிறார்கள். கண்மணி எழுதியவை கண்மணியுடைய உரிமை என்பதால் அனுமதி வேண்டும். பெட்டியில் கண்மணியின் கடிதங்கள் இருபத்திரண்டு. அவருக்கு ஓப்பல் எழுதியவற்றின் கார்பன் நகல்கள் இருபத்திரண்டு.

கண்மணி கையில் இருந்தவை இருபத்தொன்று.

அதோடு ஒரு சின்ன விசாரணையும். 2001ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கிறதாம். பூஞ்சையோ என்று பயந்து, அதை மட்டும் தனி உறையில் போட்டு, தனி அறையில் வைத்திருக்கிறார்களாம். இது என்னவென்று தங்களுக்குத் தெரியுமா? இங்கே நர்ஸாகப் பதிவு கிடைத்த செய்தியைக் கண்மணி எழுதிய கடிதம் அது. நல்ல செய்தி, மூலைக்கு மூலை மஞ்சள் தடவாமல் அனுப்புவாரா? ஒரே குடும்பத்தில் ஒரு வழக்கம் மஞ்சள் தடவிக் காப்பகத்தைக் கலங்கடிக்கிறது, இன்னொரு வழக்கம் கிழித்துப் போடுகிறது.

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. அதைத் திறப்பவரும் ரவிசங்கர்தான். மஞ்சள் விஷயத்துக்குப் பதில் எழுதினார். அனுமதி விஷயத்தை என் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இருபத்திரண்டாவது நகலை மட்டும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், தபாலில், கண்மணியின் பெயருக்கு, மூடிய உறையில் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

உறை வந்தது. அவர் பிரிக்கவில்லை. பதினொரு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். தோசைக் கடையில் அதை மேசைமேல் வைத்தார்.

நான் எழுத்தாளன். அதாவது, நல்லவன் அல்ல. “ஒருக்கா வெளிச்சத்தில பிடிச்சுப் பாப்பமே?” என்றேன்.

“வேணாம் சார். ரெண்டாவது தடவையும் நான் முன்னாடி படிக்கக் கூடாது.”

அப்போதுதான் அந்தத் தோசையை அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, உறைக்குள் என்ன இருக்கும் என்று நானே எழுதிப் பார்த்தேன்.

“அன்புள்ள கண்மணி, உன் தம்பியின் மறைவுச் செய்தி கேட்டு ஆழ்ந்த” (இது சங்கத்துக் கடிதத்தாள்.)

“அன்புள்ள கண்மணி, எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உன் தம்பிக்குப் பிடித்த சாப்பாடு” (கிட்ட வருகிறது. ஆனால் இது ஓப்பல் அல்ல; ஓப்பலைப் போல நடிக்கும் சதாசிவம்.)

“அன்புள்ள கண்மணி, நீ போக முடியாமல்”

இந்த இடத்தில் இராசமலர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “இஞ்சருங்கோ, இதை நீங்கள் எழுதக் கூடாது.”

“ஏன்?”

“அவ எழுதிட்டா.”

அழித்துவிட்டேன். மேலே உள்ள மூன்றும், அழிக்க மறந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7.

முடிவுகள்.

(அ) ரவிசங்கர் உறையைக் கொடுக்கிறார். கண்மணி படிக்கிறார், அழுகிறார், ‘பரவால்லங்க’ என்கிறார். வெளியே மழை. இதில் மழையைத் தவிர எதுவும் நிச்சயமில்லை.

(ஆ) கண்மணி அவரை வீட்டைவிட்டுத் துரத்துகிறார். ரவிசங்கர் பக்குரங்காவுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குகிறார். இராசமலர் இந்த முடிவை உடனே நிராகரித்தார். எங்கள் வீட்டில் ஒரு குளியலறைதான்.

(இ) கண்மணிக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். குப்பை லாரி போன பிறகு புல்லில் விழுந்து கிடந்த ஒரு துண்டை அன்றைக்கே எடுத்து வைத்திருந்தார். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் இதோடு பெருமையாக நடந்தேன். பிறகு விளங்கியது: இது கதாசிரியனுக்கு வசதியான முடிவு. பதினாறு வருடம் ஒரு மனுஷன் சுமந்ததை ஒரு துண்டுக் காகிதத்தால் துடைத்துவிடும். அதைவிட, தனக்கு வந்த கடிதம் வரவில்லையென்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்த பதினாறு வருடத்தையும் துடைத்துவிடும். அது நடந்தது. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

(ஈ) ரவிசங்கர் கொடுக்கவில்லை. உறை பையிலேயே

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

8.

ரவிசங்கர் ஏன் இந்தக் கதையை என்னிடம் சொன்னார் என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். தோசை முடிந்து கை கழுவும்போது சொன்னார்: “நீங்க எழுதிக் குடுங்க சார். அவளுக்கு நான் சொன்னா நடுவுல நிறுத்திடுவேன். நீங்க எழுதினா கடைசி வரைக்கும் இருக்கும்ல.”

அப்படியென்றால் இது மலருக்கான கதையே இல்லை. இராசமலர் அதை முதலிலேயே பிடித்துவிட்டார். “ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டுக் கடைசியாக் கண்மணிக்குச் சொல்லுறதோ? அவ ஓம் எண்டால் போடுங்கோ. இல்லையெண்டால் சலவை மிஷினுக்கு மற்றக் காலும் ஆடுது.”

ஆகவே இதை இன்றைக்கு ஒரே ஒரு பிரதி அச்செடுத்தேன். ஒவ்வொரு பகுதியும் ஒரு தாள். ஒன்பதாம் தாளில் எண் மட்டும் இருக்கிறது. ரவிசங்கர் பையிலிருந்து எடுத்துத் தந்த உறை அந்தத் தாளோடு கிளிப்பில் மாட்டியிருக்கிறது. சனிக்கிழமை காலை ரவிசங்கர் இதைச் சாப்பாட்டு மேசையில், கண்மணிக்கு எதிரே உட்கார்ந்து, தன் கையால் கொடுப்பார். மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்திருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

தங்கச்சி கண்மணி, இவ்வளவு தூரம் வாசித்திருக்கிறீர்கள். நான் இதில் பகிடி கொஞ்சம் கூடுதலாகவே விட்டிருக்கிறேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. ஒரு விஷயத்தை மட்டும் பகிடி இல்லாமல் சொல்கிறேன். ஓப்பல் உங்களுக்கு எழுதினார். மணிக்கட்டு முடியாத நிலையிலும், இன்னொருவரை உட்கார்த்தி வைத்துச் சொல்லச் சொல்ல எழுதினார். கார்பன் வைக்கவும் மறக்கவில்லை. உங்களிடமிருந்து பதில் வராதபோதும் உங்கள் இருபத்திரண்டு கடிதங்களையும் எறியாமல் வைத்திருந்தார். உலகத்தில் இப்படியும் ஒருவர் இருந்தார் என்பதற்கு நான் ஒலிவாங்கி பிடித்த சாட்சி.

அடுத்த தாள் உங்களுடையது.

9.

வாசகரே, இந்தப் பகுதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை போனது. ஞாயிறு போனது. செவ்வாய்க்கிழமை எங்கள் தபால் பெட்டியில் ஒரு பெரிய உறை. உள்ளே எட்டுத் தாள்கள். முதல் தாளின் தலைப்பில் பென்சிலால்: “போடலாம்.” மூன்றாம் தாளில் நான் கரூர் என்று எழுதியிருந்ததை அடித்து, பக்கத்தில் “குளித்தலை” என்று திருத்தியிருந்தார். நீங்கள் வாசித்தது திருத்திய பிரதி. ஏழாம் தாளில் நாலு முடிவுக்கும் குறுக்கே ஒரே கோடு. அதற்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் அவற்றை எடுக்காமல் விட்டிருக்கிறேன். நான் எத்தனை தடவை பிழை விட்டேன் என்பது தெரிய வேண்டாமா?

ஒன்பதாம் தாள் வரவில்லை.

பொறுக்க முடியாமல் ரவிசங்கருக்குப் போன் எடுத்தேன். என்ன நடந்தது, என்ன சொன்னா, உள்ளே என்ன எழுதியிருந்தது, தாளில் ஏதாவது எழுதினாவா? நாலு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

“அதெல்லாம் நான் சொல்றதுக்கில்ல சார்.”

“சரி. அந்தக் கடிதம் இப்ப எங்கை இருக்கு? அதையாவது சொல்லும்.”

பின்னால் யாரோ பாத்திரம் அடுக்குகிற ஓசை கேட்டது.

“வீட்லதான் சார் இருக்கு.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீங்கள் ஏதாவது எழுதிக்கொள்வதென்றால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.